துளசி மாடத்துக்குக் கீழே ஒரு கிணறு

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் 40 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். போன இதழில் அதைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. முப்பத்தொரு வருடம் மண் பரிசோதனைப் பொறியாளராக வேலை பார்த்தவள் நான், அதில் பாதிக்கு மேல் சுரங்கப் பணிகளில். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மெட்ரோ ஆட்கள் வந்து சுவர் விரிசல்களை எல்லாம் படம் பிடித்தார்கள். ஒரு விரிசலின் மேல் கோடு போட்ட பட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுபது வருட வீடு. பயப்பட வேண்டுமா? (மயிலாப்பூர் வாசகி)

பயம் வேண்டாம் அம்மா. அந்தப் பட்டைக்கு 'டெல்-டேல்' என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். விரிசல் ஒரு மில்லிமீட்டர் விரிந்தாலும் கோடு நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு அது காட்டும் அளவை நீங்களும் போனில் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் எடுத்த படங்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுரங்கம் வருவதற்கு முன் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது கிணறு.

பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில் நான் இருந்த ஒரு பணியிடத்தில் நடந்தது. ராத்திரி இரண்டரை மணிக்கு போன். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு வீட்டின் பின்கட்டில் துளசி மாடத்தைச் சுற்றி வெள்ளை நுரை பொங்கிக்கொண்டிருக்கிறது, சோப்பு நுரை மாதிரி முழங்கால் உயரத்துக்கு. மாடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கீழே 16 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் குடையும் எங்கள் இயந்திரம். முன்னால் இருக்கும் மண் சரியாமலிருக்க அது அழுத்தம் கொடுத்துக்கொண்டே போகும். மண்ணை இளக்க நுரையும் செலுத்துவோம். பழைய கிணறு ஒன்று குறுக்கே வந்தால், அந்த அழுத்தத்துக்கு அது திறந்துவிட்ட குழாய். நுரை மேலே போகும், அழுத்தம் இறங்கும், மண் சரியும்.

அந்த வீட்டுப் பாட்டி படியில் உட்கார்ந்திருந்தார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி கல்லு போட்டு மூடின கிணறும்மா. என்னை யாரும் கேக்கலையே" என்றார். எங்கள் படிவத்தில் 'கிணறு உண்டா?' என்ற கேள்வி இருந்தது. மகன் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் அந்தக் கிணற்றைப் பார்த்ததே இல்லை.

கிணற்றைச் சிமென்ட் பால் ஊற்றி அடைத்து, மறுபடி கிளம்ப 19 நாள் ஆனது. இயந்திரம் நின்றாலும் பம்பும் காற்றாடியும் நிற்காது. அத்தனை நாளும் ஓடிய மின்சாரம் அத்தனையும் ஒரு கேள்வியை ஆள் மாற்றிக் கேட்டதால் வந்த செலவு. அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவரோடு உட்கார்ந்து பேசாமல் நான் படிவத்தை மூடியதில்லை.

ஆகவே, மூடிய கிணறு, கைவிட்ட போர், பழைய செப்டிக் டேங்க், எது இருந்தாலும் எங்கே, எத்தனை அடி என்று எழுதிக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

சுரங்க மெட்ரோ சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். இவ்வளவு சிமென்ட்டையும் கம்பியையும் மண்ணுக்குள் புதைப்பது எப்படி நல்லதாகும்? (திருச்சி வாசகர்)

நியாயமான கேள்வி. மேம்பாலத்தில் போகும் பாதையைவிடச் சுரங்கப் பாதைக்குப் பொருளும் மின்சாரமும் மிக அதிகம். மறைக்க ஒன்றுமில்லை. நெருக்கடியான தெருக்களில் மேலே தூண் நட இடமில்லாததால்தான் கீழே போகிறோம். அப்படிப் போகும்போது எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

என் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன், சேர்ந்து போட்டுப் பாருங்கள். சென்னைச் சுரங்கக் குழாயின் உள்விட்டம் 5.8 மீட்டர். அதற்கு இயந்திரம் குடையும் வட்டம் ஏறக்குறைய 6.6 மீட்டர். ஒரு மீட்டர் முன்னேறினால் 34 கன மீட்டர் மண் வரும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு குழாய். ஆக ஒரு கிலோமீட்டர் பாதைக்கு 68,000 கன மீட்டர்.

இப்போது ஒரு நிலையம். 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். 72,000 கன மீட்டர். ஒரே ஒரு நிலையத்துக்கு எடுக்கும் மண், ஒரு கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கத்துக்கு எடுக்கும் மண்ணைவிட அதிகம்! கான்கிரீட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது. குழாய்க்குள் பதிக்கும் வளையங்களுக்குக் கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் கன மீட்டர் சொச்சம் போதும். நிலையத்தைச் சுற்றி மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் சுவரான டி-வால், மேல்தளம், நடுத்தளம், அடித்தளம் எல்லாம் சேர்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டும்.

பேப்பரில் வருவதெல்லாம் சுரங்க இயந்திரத்தின் படம்தான். கணக்கு கனப்பது நிலையத்தில். அந்த நிலையத்தை ஒரு மீட்டர் ஆழம் குறைத்து வரைந்தால் 4,000 கன மீட்டர் மண் இருந்த இடத்திலேயே இருக்கும். தோண்டிய மண் உப்பிக்கொள்ளும் என்பதால் அது கிட்டத்தட்ட 400 டிப்பர் லோடு. நூறு வருடத்துக்கு எஸ்கலேட்டர் ஒரு மீட்டர் குறைவாக ஏறும், வயதானவர்கள் ஐந்தாறு படி குறைவாக ஏறுவார்கள். இத்தனையும் ஒரு வரைபடக்காரர் ஒரு கோட்டை மேலே தூக்குவதில் இருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடலாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது மண் பரிசோதனை. தோண்டத் தொடங்கிய பிறகு மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. அதனால்தான் திட்டமிடும் காலத்தில் மண்ணை எடுத்துப் பார்க்க நாலு துளை கூடப் போடுங்கள் என்று காலம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு துளைக்கு ஆகும் செலவு இவ்வளவா என்று கேட்டவர்களிடம், போடாத துளைக்கு ஆகும் செலவைச் சொல்லிப் புரியவைப்பது லேசான வேலையாக இருக்கவில்லை.

அப்படியானால் சிமென்ட்டையே மாற்ற முடியாதா? (அதே கடிதத்தின் இரண்டாவது கேள்வி)

மாற்றலாம், மாற்றுகிறார்கள். ஒரு டன் சாதாரண சிமென்ட் செய்யும்போது 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருள் மட்டும் காரணமில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வருகிறது. அதனால் சூளையை எவ்வளவு சீர்திருத்தினாலும் பாதிக்கு மேல் குறையாது. சிமென்ட்டின் அளவைக் குறைப்பதுதான் வழி.

அதற்கு இரண்டு பொருள்: இரும்பு உலையின் கசடை அரைத்த ஸ்லாக் பவுடர், அனல்மின் நிலையத்துச் சாம்பல். டி-வாலிலும் தடித்த அடித்தளத்திலும் சிமென்ட்டில் பாதியை ஸ்லாக்காக மாற்றலாம். கான்கிரீட் இறுகும்போது சூடும் குறையும், அதனால் விரிசல் குறையும். கடலோர நிலத்தடி நீரின் உப்பையும் நன்றாகத் தாங்கும். சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான கலவை இல்லை என்பேன்.

ஆனால் இறுக நேரம் எடுக்கும். வளையத் துண்டுகள் வார்க்கும் யார்டில் காலையில் அச்சைத் திறந்தால்தான் அன்றைக்கே அடுத்ததை வார்க்க முடியும். அங்கே போய் ஸ்லாக்கைக் கூட்டுங்கள் என்றால் மேனேஜர் முகம் மாறிவிடும். நியாயமும் இருக்கிறது. அங்கே கொஞ்சமாகவும் நிலையத்தில் தாராளமாகவும் சேர்ப்பது என் வழக்கம்.

எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீனவர்கள் படும் பாடு தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்தச் சாம்பலை அள்ளி மெட்ரோவில் போடக்கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்ட சாம்பல் கான்கிரீட்டுக்கு ஆகாது. உலையிலிருந்து உலர்ந்தபடியே பிடித்ததுதான் ஆகும். ஆற்றுக்குப் போவதற்கு முன்னாலேயே வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் ஆற்றுக்கும் நல்லது.

எங்கள் ஊர் ஏரி ஓரமாக ராத்திரியில் லாரி லாரியாகச் சேற்று மண் கொட்டுகிறார்கள். மெட்ரோ மண் என்று சொல்கிறார்கள். வயலுக்கு வாங்கிக் கொட்டலாமா? (திருவள்ளூர் மாவட்ட வாசகர்)

ஐயா, முதலில் ஏரிக்கரையில் எந்த மண்ணும் கொட்டக்கூடாது. எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. லாரி எண், நேரம், இடம் குறித்து வட்டாட்சியரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் கொடுங்கள்.

வயலுக்கு வேண்டாம். சுரங்க மண் 15, 20 மீட்டர் ஆழத்திலிருந்து வருவது. அதில் பயிருக்கான சத்து கிடையாது. கடலோரப் பகுதி என்றால் உப்பு இருக்கும். நுரை கலந்த மண் என்றால் அந்த நுரை மட்கும் வரை சில வாரம் தனியாகத் தேக்கி, தண்ணீர் வடித்து, பரிசோதித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். இன்னொரு வகை இயந்திரம் மண்ணைப் பென்டோனைட் என்ற களிமண் குழம்பில் கலந்து பைப் வழியாக வெளியே தள்ளும். அதை ஆலையில் பிரித்து, மணலைத் தனியே எடுத்து, குழம்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். கடைசியில் மிஞ்சும் பென்டோனைட் நீர் பிடிப்புள்ள வழவழப்பான களி. அது வாய்க்காலில் விழுந்தால் தண்ணீரை நிலத்துக்குள் இறங்கவே விடாது. கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். சோப்பு மாதிரி வழுக்கி, கழுவினாலும் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்றில்லை. லண்டனில் எலிசபெத் லைன் கட்டினார்கள். 2009-இல் பணி தொடங்கி 2022-இல் ஓடத் தொடங்கியது. 42 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் குழாய்கள். அதில் கிடைத்த மண்ணில் 30 லட்சம் டன்னைக் கப்பலில் ஏற்றி, எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் வாலஸீ என்ற தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்து, கரை கட்டி விவசாய நிலமாக மாறிய தீவு அது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. அந்த மண்ணால் நிலத்தை மேடாக்கி, கரையைத் திட்டமிட்டு உடைத்துக் கடலை உள்ளே விட்டு, மறுபடி சதுப்பு நிலமாக்கினார்கள். இன்றைக்கு அது பறவைகள் காப்பகம். பறவைப் பாதுகாப்புச் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது.

அதை அப்படியே இங்கே செய்ய முடியாது. பள்ளிக்கரணையில் கொட்டி மேடாக்கினால் சதுப்பு நிலம் செத்துப்போகும். நான் அதில் பார்ப்பது வேறு. அவர்கள் மண் போகும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். லாரி குறைய வேண்டும் என்று கப்பலையும் ரயிலையும் ஏற்பாடு செய்தார்கள். நம்மிடமும் பாறை வரும் பகுதியில் அதை உடைத்து ஜல்லியாக்கலாம், மணலை நிரப்ப எடுக்கலாம். கைவிட்ட கல்குவாரிகள் சுற்றிலும் இருக்கின்றன. ஆபத்தான அந்தப் பள்ளங்களைச் சோதித்த மண்ணால் மூடலாம். ஒப்பந்தத்தில் 'மண்ணை அப்புறப்படுத்துக' என்று ஒரு வரி மட்டும் இருந்தால், அது உங்கள் ஏரிக்கரையில்தான் வந்து நிற்கும்.

இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பது உண்மையா? (ஆறாம் வகுப்பு மாணவன், பெரம்பூர்)

உண்மைதான் தம்பி. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் முதலில் கிளம்பியதற்கு நீலகிரி என்று பெயர். கலங்கரை விளக்கம் பக்கம் கிளம்பியது ஃபிளமிங்கோ. அடையாற்றுக்கு அடியில் குடைந்தவற்றில் ஒன்றின் பெயர் காவேரி.

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவில் நடை போனவன் நான். மெட்ரோவுக்காக மரங்களை வெட்டினார்கள். மாற்றாக மரம் நட்டால் சரியாகிவிடுமா? (ஷெனாய் நகர் வாசகர்)

ஆகாது சார். 2011-இல் மூடிய அந்தப் பூங்கா 2023-இல்தான் திறந்தது. இடையில் ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்கே போயிருக்கும்.

பூங்காவுக்குக் கீழே இருக்கும் நிலையத்தின் கூரைக்கு மேல் நிரப்பும் மண்ணின் ஆழம் குறைவு. அதில் புல்லும் செடியும் சின்ன மரங்களும் வரும். அரசும் தூங்குமூஞ்சியும் வேர் விட அங்கே இடம் கிடையாது. இன்னொரு ஊரில் நட்ட நூறு கன்று இந்தத் தெருவின் நிழலைத் திருப்பித் தராது. ஆகவே வெட்டாமல் தப்பிப்பதுதான் முதல் வேலை.

ஒரு கூட்டத்தில் நிலைய வாசலின் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார்கள். வாசல் விழும் இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வரைபடத்தில் அது ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் ஒரு எண். மதியம் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மே மாதம். அந்த மரத்தடியில் இளநீர்க் கடை, இஸ்திரி வண்டி, மூன்று ஆட்டோ, பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பையன். யாரும் எதுவும் பேசவில்லை. வரைந்தவரே அளவு நாடாவை எடுத்தார். வாசலை 11 மீட்டர் தள்ளி வைத்தோம். ஒரு குடிநீர்க் குழாயை மாற்றிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எல்லா மரத்துக்கும் இப்படி வழி கிடைக்காது. ஆனால் தேடினால் கிடைக்கும் மரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2015 மாதிரி வெள்ளம் வந்தால் சுரங்கம் நிரம்பிவிடாதா? (சைதாப்பேட்டை வாசகி)

கவனிக்க வேண்டிய ஆபத்துதான். 2001-இல் நாரி புயலில் தைபே மெட்ரோ மூழ்கியது. 2021-இல் சீனாவின் செங்சோவில் ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். நம் நிலையங்களில் கீழே இறங்குவதற்கு முன்னால் சில படி மேலே ஏற வைப்பது இதற்காகத்தான். படி மட்டும் போதாது. சாய்தளம், காற்றுக் குழாயின் வாய், பக்கத்துக் கட்டடத்தோடு இணைக்கும் வழி, எல்லாமே அதே உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் மிகத் தாழ்ந்த வாசலைத் தேடித்தான் வரும்.

மெட்ரோ ஓடுவதே நிலக்கரி மின்சாரத்தில்தானே? (கோவை வாசகர்)

பெரும்பகுதி அப்படித்தான், இன்றைக்கு. டெல்லி மெட்ரோ 2019 முதல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரிய மின் பூங்காவிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. நல்ல வழி அது. ரயில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தருவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னும் பழைய தந்திரம். 1900-இல் திறந்த லண்டன் சென்ட்ரல் லைனில் நிலையத்தை மேட்டில் வைத்தார்கள். வரும் ரயில் மேடேறுவதால் தானாக வேகம் குறையும். கிளம்பும்போது இறக்கத்தில் தானாக வேகம் பிடிக்கும். ஒரு பைசா மின்சாரச் செலவில்லை, பழுதாகும் கருவியும் இல்லை. நிலையமும் ஆழம் குறைந்து மேலே வரும். திருச்சி வாசகருக்குச் சொன்ன அந்த 4,000 கன மீட்டர் இங்கேயும் மிச்சமாகும்.

சுரங்க நிலையத்தில் ரயிலுக்கு அடுத்தபடியாக மின்சாரம் தின்பது ஏசி. நடைமேடை ஓரத்துக் கண்ணாடிக் கதவுகள் பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் ஓடிவிடாமல் தடுப்பதும் அவைதான்.

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிலத்தடிக் கட்டுமானத்தில் சுற்றுச்சூழலைக் காக்கும் வேலை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது மேடம்? (மதுரை மாணவி)

சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். முதலில் ஒரு கோர் பாக்ஸைத் திறந்து பாரம்மா. துளை போட்டு எடுத்த மண்ணையும் பாறையையும் மீட்டர் வாரியாக அடுக்கிய மரப்பெட்டி அது. என் முதல் வேலையில் பாக்ஸைத் திறந்ததும் கடல் வாசனை அடித்தது. ஒன்பதாவது மீட்டரில் கறுப்புக் களிமண், அதற்குள் நகம் அளவு கிளிஞ்சல்கள். கடற்கரை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஒரு காலத்தில் கடல் அங்கே இருந்திருக்கிறது.

சென்னைக்கு வந்தால் பரங்கிமலைக்குப் போ. அங்கேயும் பல்லாவரத்திலும் இருக்கும் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல் இந்தப் பாறை. அதை ஆராய்ந்து 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற பாறையியலாளர் எழுதினார்; அதிலிருந்து வந்த பெயர். நம் ஊர்ப் பாறை, உலகம் முழுக்க அதே பெயரில் படிக்கிறார்கள். இந்தப் பாறை நகரத்துக்கு அடியிலும் மேடு பள்ளமாக ஓடுகிறது. இயந்திரத்தின் முகத்தில் மேல் பாதி இளகிய மண்ணும் கீழ்ப் பாதி இந்தப் பாறையுமாக வந்தால், பாறையில் பற்கள் தேய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே இருக்கும் மண் அளவுக்கு மீறி உள்ளே இறங்கிவிடும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் பள்ளம் விழுந்து பஸ்ஸும் காரும் இறங்கியது நினைவிருக்கும். அந்தச் சாலைக்கு அடியில் இருப்பதும் இப்படிக் கலந்த நிலம்தான்.

பரங்கிமலையில் வெட்டிய பாறை தெரியும் இடத்தில் கையை வைத்துப் பார். அப்புறம் அங்கிருந்து மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, அண்ணா சாலை வழியாக வா. சின்னமலை தாண்டிக் கீழே இறங்கியதும் ஜன்னல் இருட்டாகிவிடும். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் கான்கிரீட்டுக்குப் பின்னால், பல இடங்களில் இருப்பது நீ தொட்ட அதே பாறை.